மாலகா இலைத் தண்ணீர்

“1996 ஜூலை 9, செவ்வாய். காலை ஆறே கால். பேசினில் சிவப்பு. நான் ஞாயிறு முதல் வெற்றிலை போடவில்லை.”

என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். எழுதும்போது இதில் விசேஷமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் குறித்து வைப்பவன். மழை தொடங்கிய நாள், எங்கள் தெருவில் மின்சாரம் போன நேரம், வந்த நேரம், படித்து முடித்த புத்தகம் என்று எதுவும் தப்பாது. பேசினைப் பற்றிய வரியும் அப்படித்தான் உள்ளே போனது. எழுதி முடித்து, பேனாவை மூடி, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த நான்கு வாக்கியங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தன.

யாங்கோனில் சிவப்பு என்பது யாரும் திரும்பிப் பார்க்காத நிறம். நடைபாதை, பஸ் படிக்கட்டு, மாடிப்படி மூலை எல்லாம் வெற்றிலைச் சாறு. நானும் அப்போது நாளுக்கு எட்டு, பத்து போடுவேன். எங்கள் வீட்டு வெள்ளைப் பீங்கான் பேசின் என்னால் எப்போதும் கொஞ்சம் ரோஜா நிறத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை புண்ணாகியிருந்தது. வெற்றிலையைத் தொட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டில் என்னைத் தவிர இருந்தது என் மனைவி மட்டும்.

அவளுக்கு அப்போது நான்கு மாதம் முடிந்திருந்தது.

“பேசின்ல செவப்பா இருந்துச்சே?” என்று கேட்டேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஒங்க வெத்தலதான். வேற என்ன?”

“நான் போட்டு மூணு நாளாச்சு.”

“அப்ப பழைய கறை, நோ.”

இந்த ‘நோ’ பர்மிய மொழியின் வால். ‘சரிதானே’ என்று பொருள். யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழில் எந்த வாக்கியத்தின் முடிவிலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். என் மனைவி அதைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நானும் முடித்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை அவளுக்கு முன்னால் எழுந்து பேசினைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். அவள் முகம் கழுவிவிட்டுப் போன பிறகு போய்ப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் போகும் துளையின் ஓரத்தில் நூல் போல ஒரு சிவப்பு.

அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரியில் எங்களுக்கு ஒன்று தங்கவில்லை. அதுவும் நான்காம் மாதம்தான். அது ஒரு சொட்டு ரத்தத்தில் தொடங்கியது. அதைப் பற்றி என் குறிப்பேட்டில் தேதி மட்டும் இருக்கிறது, வேறு ஒரு சொல் இல்லை. இங்கே பெண்களுக்கும் லுங்கிதான்; அதன் பிறகு அவள் சிவப்பு லுங்கியைக் கூடக் கட்டுவதில்லை. இந்த முறை ஆஸ்பத்திரியில் முதல் சீட்டு வாங்கி வந்த அன்றே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள்: “பொறக்கிற வரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீங்க. எண்ணாதீங்க. எழுதாதீங்க.” முதல் இரண்டுக்கும் கட்டுப்பட்டேன்.

அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்ததை நான் மசக்கை என்று நினைத்திருந்தேன். முறுக்கு, அவித்த கடலை, மீன் பொரியல் எதையும் தொடுவதில்லை. குழைந்த சோறும் தண்ணிப் பருப்பும்தான். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், போன மாதத்திலிருந்து எடை ஏறவே இல்லை, இப்படியே போனால் பிள்ளைக்குச் சத்து எங்கிருந்து வரும் என்று கடிந்துகொண்டாள். என் மனைவி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, ஈறு வீங்கியிருக்கிறது, மென்றால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். ரத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போகலாம் என்றேன். முடியவே முடியாது என்றாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பல்லில் கை வைத்தால் உள்ளே அதிரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பக்கத்து ஊரான கியாக்தானில் இருந்த அவளுடைய அக்காதான். நான் மதினி என்று கூப்பிடுவேன். மூன்று பெற்றவர். எங்கள் வீட்டிலும் போன் கிடையாது, அவர் வீட்டிலும் கிடையாது. அங்கிருந்து வாரம் இரண்டு முறை பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு பசுந்தாங் சந்தைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண்மணி எங்கள் தெரு வழியாகத்தான் போவார். அந்தக் கருவாட்டுக்கார அக்காதான் இரண்டு வீட்டுக்கும் தபால், தந்தி எல்லாம். ஈறு வீக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டு வரச் சொன்னேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. படியேறி வந்த அக்காவின் வாய் நிறைய வெற்றிலை. சாறு சிந்தாமல் இருக்கத் தலையைச் சற்று அண்ணாந்து, உதட்டைக் குவித்துக்கொண்டு பேசினார்.

“தம்பி, மொளகா எல பறிச்சு நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சு, காலையும் ராவும் வாய் கொப்புளிக்கணுமாம். முழுங்கக் கூடாதாம்.”

அப்படித்தான் என் காதில் விழுந்தது. அவர் படியிறங்குவதற்குள் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பேச்சில் கேட்பதை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதுவது என் வழக்கம். காதில் விழுந்தது ‘மொளகா எல’. நான் எழுதியது ‘மிளகாய் இலைக் கஷாயம், இருவேளை’. கொப்புளித்தலா கொப்பளித்தலா என்று ஒரு நிமிஷம் யோசித்து, அகராதியைப் புரட்டிப் பார்த்துக்கூட எழுதினேன். இலையைப் பற்றி அரை நிமிஷமும் யோசிக்கவில்லை. உறைப்பு ரத்தத்தை இழுத்துப் பிடிக்கும் போலும் என்று ஓரத்தில் என் சொந்த விளக்கம் ஒன்றும் இருக்கிறது. நிறையப் படிப்பவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பால்கனியில் பழைய எண்ணெய் டின்னில் அவள் ஒரு மிளகாய்ச் செடி வைத்திருந்தாள். அதில் ஓர் இலை விடாமல் உருவிக் கரி அடுப்பில் கொதிக்க வைத்தேன்.

அவள் பால்கனியிலிருந்து கத்தினாள். “என் செடிக்கு என்ன ஆச்சு? யாரு மொட்டையடிச்சா?”

“நான்தான். மருந்துக்கு. ஒங்க அக்கா சொல்லி அனுப்பிருக்காங்க.”

“மொட்டையடிக்கிறதுன்னா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ல அடிக்கணும், நோ.”

மிளகாய் இலை தன்னளவில் காரமில்லாதது, கீரையாகவும் சமைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தச் செடியில் இலையோடு இலையாகப் பச்சைப் பிஞ்சுகள் சில இருந்திருக்கின்றன. உருவிய வேகத்தில் அவையும் பானைக்குள் போயிருக்கின்றன. அவள் முதல் மடக்கை வாயில் வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்தது.

துப்பிவிட்டு, “எரியுதுங்க” என்றாள்.

“மருந்துன்னா எரியத்தான் செய்யும்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் அடித்துவிட விரும்புவது அது. குறிப்பேட்டில் எதையும் அடிப்பதில்லை என்று வைத்திருப்பதால் அது இன்னும் அங்கே இருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காக அவள் நான்கு நாள், ஒரு வேளை தவறாமல், அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் தயிர் சோறுகூட இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கருவாட்டுக்கார அக்கா படியேறி வந்தார். அன்று வழியில் வெற்றிலைக் கடை திறக்கவில்லையாம். வாய் காலியாக இருந்தது.

“மாலகா எல கெடைச்சுச்சா தம்பி? கெடைக்காதுன்னு எங்க மரத்துலயே பறிச்சாந்திருக்கேன்.”

கூடையின் ஓரத்திலிருந்து ஓர் இலைக்கட்டு எடுத்து நீட்டினார். அகலமான, நரம்பு தடித்த, சொரசொரப்பான இலைகள். கருவாட்டு வாசனையையும் மீறி அவற்றின் வாசனை வந்தது.

“இது கொய்யால்ல?” என்றேன்.

“ஆமா, மாலகா. நீ என்னன்னு நெனச்ச?”

பர்மிய மொழியில் கொய்யாவுக்கு மாலகா என்று பெயர். இங்கே தமிழர் பேச்சில் கொய்யா என்ற சொல் அபூர்வம், புத்தகம் படிக்கும் நானும் சந்தையில் மாலகா என்றுதான் கேட்டு வாங்குவேன். வெற்றிலை அடைத்த வாயிலிருந்து வந்த அந்த மாலகா, எழுத்துத் தமிழில் எழுத ஆசைப்பட்ட என் காதில் மொளகாவாகி, என் பேனாவில் மிளகாயாகிவிட்டது. பர்மிய மொழி மட்டும் தெரிந்தவனுக்கு இந்தத் தவறு வராது. இரண்டும் தெரிந்தவன் ஒரு முறை திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

என் மனைவி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். “மொளகா, அக்கா,” என்றாள். “மொளகா எல. நாலு நாளா.”

அக்கா கூடையை இறக்கி வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “புள்ளத்தாச்சி வாயில மொளகாயவா ஊத்துன? அடி பாவிப் பொண்ணே, நீயாவது வாயத் தொறந்து கேட்டிருக்கக் கூடாது?”

“எங்கக்கா தொறக்கிறது, அதான் எரியுதே!”

மூன்று பேரும் சிரித்தோம். எதிர்வீட்டுப் பர்மிய அம்மாள் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதமோ. சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பு இருந்தது. அதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கருவாட்டுக்கார அக்கா கூடையை ஓரமாகத் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி என்னிடம் பேசாமல் அவரிடம்தான் பேசினாள்.

“போன தடவையும் இப்படித்தான்க்கா. ஒரு சொட்டு. ஒண்ணுமில்லன்னு இருந்தேன்.”

“இது வாயில வருதும்மா.”

“எதுல வந்தா என்னக்கா, ரத்தம் ரத்தந்தானே. பல்லுத் தேச்சா வருது. அதான் மூணு வாரமா தேய்க்கிறதே இல்ல. வெறும் தண்ணிதான். இவரு வெத்தல போடுறதுனால தெரியாதுன்னு இருந்தேன்.”

மூன்று வாரம் என் வெற்றிலைக் கறைக்குள் அவள் தன் பயத்தை ஒளித்து வைத்திருந்தாள். எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வாரமோ. நான் உள்ளே போய் என் பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்துவந்து கருவாட்டுக்கார அக்காவிடம் கொடுத்தேன். இனி இந்த வீட்டில் சிவப்பு என்று ஒன்று தெரிந்தால் அது யாருடையது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்றேன்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளியா இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்,” என்று சொல்லிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கொய்யா இலையை நான்கு முறை அலசி, கொதிக்க வைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியபின் கொடுத்தேன். துவர்ப்பாக இருக்கிறது, ஆனால் இதமாக இருக்கிறது என்றாள். அந்த இதத்தில்தான் மறுநாள் பசுந்தாங்கில் இருந்த பல் டாக்டரிடம் வரச் சம்மதித்தாள். இரண்டு பேர் உட்காரும் சைக்காவில் போனோம். சைக்கிளின் பக்கத்தில் இருக்கை வைத்த வண்டி அது. ஒருவர் முன்னால் பார்த்தும் மற்றவர் பின்னால் பார்த்தும் உட்கார வேண்டும். வழி முழுக்க நான் வந்த தெருவைப் பார்த்துக்கொண்டும் அவள் போகும் தெருவைப் பார்த்துக்கொண்டும் போனோம். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் கை பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்தது.

பல் டாக்டர் ஐம்பது வயதுப் பர்மியப் பெண்மணி. எல்லோரும் சயாமா என்று கூப்பிடுவார்கள்; டீச்சருக்கும் பெண் டாக்டருக்கும் அதே மரியாதைச் சொல்தான். விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன மருந்து செய்தீர்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லத் தெரியாதவன். மிளகாய் இலை என்றேன். சயாமா கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த உதவியாளரைக் கூப்பிட்டு, “நீயே வந்து கேள், நான் சொன்னால் நம்ப மாட்டாய்” என்றார்.

சிரித்து முடித்த பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நாற்காலியில் படுத்திருந்தவளின் தோளில் கை வைத்து அவளிடம் மட்டும் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். கர்ப்பத்தில் ஈறு இப்படி வீங்குவது நிறையப் பேருக்கு வருவதுதான். உடம்பில் நடக்கும் மாற்றத்தால் சின்ன அழுக்குக்கும் ஈறு சிவந்து கசியும். இந்த ரத்தம் ஈற்றிலிருந்து வருவது, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து வருவதல்ல. ரத்தத்துக்குப் பயந்து தேய்க்காமல் விட்டதால்தான் இன்னும் அதிகமாகியிருக்கிறது. மிருதுவான பிரஷ்ஷால் தினம் இரண்டு வேளை தேய்க்க வேண்டும். வாந்தி எடுத்தால் உடனே தேய்க்கக் கூடாது. உப்புப் போட்ட தண்ணீரில் கொப்புளித்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத் தேய்க்க வேண்டும். மாலகா இலைத் தண்ணீர் இதமாக இருந்தால் செய்துகொள்ளலாம், விழுங்க வேண்டாம். ஆனால் பல்லில் கட்டியிருக்கும் காரையை எந்த இலைத் தண்ணீரும் கரைக்காது, அதை நான்தான் எடுக்க வேண்டும், இந்த மாதத்தில் எடுப்பதில் பிள்ளைக்குப் பயமில்லை.

“அதிராதா?” என்று என் மனைவி கேட்டாள். அதை மட்டும் தமிழில் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

“பிள்ளை தண்ணீருக்குள் இருக்கிறது. நீங்கள் வந்த சைக்கா அதிர்ந்ததைவிட இது குறைவு,” என்றார் சயாமா.

அரை மணி நேரம் ஆயிற்று. அவள் என் சுண்டு விரலைப் பிடித்திருந்தாள். வாய் கழுவும் கிண்ணத்தில் சிவப்பாகத் துப்பினாள். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து, நேராகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்: “இனிமே எழுதுங்க. இல்ல, குடுங்க, நானே எழுதுறேன்.” எழுதாதீங்க என்று சொன்னவள். பேசினுக்கு மேல் ஒரு சிறிய நோட்டை ஆணியில் மாட்டினோம். சிவப்பு வந்த நாளுக்கு வட்டம், வராத நாளுக்குச் சரிக்குறி. முதல் இரண்டு வாரமும் வட்டங்கள்தான். பிறகு நடுநடுவே குறிகள். ஆகஸ்டில் அவித்த கடலை சாப்பிட்டாள். அதற்கடுத்த முறை எடை ஏறியிருந்தது. நர்ஸ் சீட்டைத் தட்டிக்காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றாள்.

செப்டம்பர் 3 அன்று அலுவலக வேலையாக என்னை வடக்கே பியே நகருக்கு அனுப்பினார்கள். அவளைத் தனியே விட்டுப் போக எனக்கு மனமில்லை. மதினி வந்து கூட இருந்தார். பதினொரு நாள். அங்கே நான் சரியாகத் தூங்கவில்லை என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. 13ஆம் தேதி மாலை திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினிடம் போய் நோட்டைப் பார்த்தேன். பதினொரு நாளும் சரிக்குறி. ஒரு வட்டம்கூட இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது.

டிசம்பரில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தேதியை எழுத வேண்டாம் என்று இப்போது மகளே சொல்கிறாள், வயது தெரிந்துவிடுமாம்; வருஷத்தை எழுதியாயிற்று என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தமிழ் புரியும், பதில் பர்மிய மொழியில் வரும். ஆனால் கொய்யாப் பழத்துக்கு அவள் சொல்லும் பெயர் தமிழுமில்லை, பர்மியமுமில்லை. ‘அப்பா மொளகா’ என்பாள். அப்படிக் கேட்டால் எங்கள் தெருப் பழக்காரிகூட இப்போது கொய்யாவைத்தான் எடுத்துத் தருகிறாள்.

இந்தக் குறிப்புகளைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கியது 2010 பிப்ரவரியில். பேசின் நோட்டு கிடைத்தது. தண்ணீர் பட்டு ஓரம் உப்பியிருந்தது. மற்ற நாட்களின் குறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன. சிலது பென்சில், சிலது பேனா, அவசரத்தில் போட்டது, கை ஈரத்தோடு போட்டது. நான் இல்லாத அந்தப் பதினொரு குறிகள் மட்டும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அளவில் வரிசையாக நிற்கின்றன. ஒரே மூச்சில் போட்டது போல. செப்டம்பர் 14க்கு, நான் வந்த மறுநாளுக்கு, ஒரு வட்டம் இருக்கிறது. மிகச் சின்ன வட்டம்.

அவளிடம் நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

“பொண்ணு பொறந்தாளா இல்லையா? பல்லு முப்பத்திரண்டும் இருக்கா இல்லையா?” என்றாள். “இன்னும் என்ன விசாரணை, நோ?”

மதினியிடம் கேட்டேன். அந்தப் பதினொரு நாளும் தான்தான் இலைத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததாகச் சொல்கிறார். நோட்டைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாதாம்.

ஆகவே இதை இப்படியே எழுதி வைக்கிறேன்: 1996 செப்டம்பர் 3 முதல் 13 வரை ரத்தம் வரவில்லை என்பது அவள் கைப்படக் குறித்தது. நான் பார்த்ததல்ல. இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.